துடியும் துடிப்பும்

நுழையுமுன்

நம் உடலுக்குள் இரவும் பகலும் ஓயாது ஒலிக்கும் தாளத்தைப் பற்றிய அறிவியல் உரைநடை இது. படிக்கத் தொடங்குமுன் உங்கள் நாடியை எண்ணி, இப்பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பாடத்தின் இறுதியில் அந்த எண் தேவைப்படும்.

மாணவர்களே, வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இடக்கை மணிக்கட்டில், பெருவிரல் தொடங்கும் பக்கமாக, மெல்ல வையுங்கள். பெருவிரலால் தொட்டுப் பார்க்க வேண்டா. அதற்கே வலுவான நாடி உண்டு. அது கணக்கைக் குழப்பிவிடும். முப்பது நொடிகள் எண்ணி, வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை வருவது இயல்பு.

சென்ற ஆண்டு தில்லியில் என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு மாணவனுக்கு 118 வந்தது. பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டு, நடந்து வந்து, மூன்று மாடி ஏறியவன் அவன். ஒரு மாணவி மட்டும் பாடவேளை முடிந்த பின்னரும் போகாமல் நின்றாள். "அம்மா, மூச்சை இழுக்கும்போது வேகமாக அடிக்கிறது, விடும்போது மெதுவாகிறது. எனக்கு ஏதேனும் நோயா?" என்று கேட்டாள். நோயன்று. இளம் வயதினர்க்கு நாடி மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குவது இயற்கை. கடிகாரத்தைப் போல ஓர் இம்மியும் பிசகாமல் அடிப்பதுதான் நல்ல இதயம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது அப்படியன்று.

தமிழில் 'துடி' என்பது இடை சுருங்கிய ஒரு பறையின் பெயர். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்குமுரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாகக் கூறுகிறது. பாலைத்திணைக்கு உரிய பறை துடி. அதை முழக்குவோன் துடியன். நெஞ்சு துடிக்கிறது, கண் துடிக்கிறது, துடிப்பான பிள்ளை என்றெல்லாம் நாம் கூறும்போது அச்சொல்லும் உடன் ஒலிக்கிறது. பறையிலிருந்து வினை பிறந்ததா, வினையிலிருந்து பறை பெயர் பெற்றதா என்னும் ஆராய்ச்சியை மேல்வகுப்புக்கு ஒத்திவைப்போம். நமக்கு இப்போது வேண்டியது ஒரே வினா. பறை தானாக முழங்காது, துடியன் வேண்டும். இதயத்தை முழக்கும் துடியன் யார்?

'மூளை' என்று வகுப்பில் பாதிப்பேர் விடையளிப்பர். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து, தக்க உப்புக்கரைசலில் இட்டால், மூளையின் தொடர்பு அறுந்த பிறகும் அது நெடுநேரம் துடித்துக்கொண்டிருக்கும். மனிதரிலும் சான்று உண்டு. 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பி. வேணுகோபாலின் குழுவினர் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவையைச் செய்தனர். இத்தகைய அறுவையில் குருதிக் குழாய்களைத் தைத்து இணைப்பர், நரம்புகளை இணைப்பதில்லை. ஆயினும் புதிய உடலில் அந்த இதயம் துடிக்கிறது. அப்படியானால் துடியன் பறைக்குள்ளேயே இருக்கிறான்.

அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. இதிலுள்ள வியப்பு என்னவெனில், அறிஞர்கள் அவனை நோக்கி வந்த வழி முற்றிலும் தலைகீழானது. இதயத்தில் மின்குறி மேலிருந்து கீழே பாய்கிறது. கண்டுபிடிப்போ கீழிருந்து மேலே ஏறியது.

1839-இல் செக் நாட்டு அறிஞர் புர்கின்ஜி, ஆட்டின் இதயத்தில் கீழறைகளின் உட்சுவரை ஒட்டி வெளிறிய நாரிழைகள் வலைபோல் பரவியிருப்பதைக் கண்டார். அவை எதற்காக உள்ளன என்று அவருக்குத் தெரியவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1893-இல் வில்லெல்ம் ஹிஸ், மேலறைகளையும் கீழறைகளையும் இணைக்கும் மெல்லிய தசைக் கற்றை ஒன்றைக் கண்டு எழுதினார். ஜெர்மனியின் மார்பர்க் நகருக்குப் படிக்கச் சென்றிருந்த சுனாவோ தவாரா என்னும் ஜப்பானிய இளம் மருத்துவர் அக்கற்றையைப் பிடித்துக்கொண்டு மேலே சென்றார். ஆற்றின் கிளைகளைத் தொடர்ந்து சென்று ஊற்றைத் தேடுவது போன்ற வேலை அது. இதயங்களை மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒன்றன்பின் ஒன்றாக நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். 1906-இல் அவர் வெளியிட்ட நூலில், கற்றையின் மேல்முனையில் ஒரு முடிச்சு இருப்பதும், கீழ்முனை புர்கின்ஜியின் நாரிழைகளாகவே பிரிவதும் தெளிவாயின.

அதே ஆண்டுக் கோடையில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு நாட்டுப்புற வீட்டில், மார்ட்டின் ஃபிளாக் என்னும் மருத்துவ மாணவர் அகழெலி ஒன்றின் இதயச் சீவல்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆசிரியர் ஆர்தர் கீத், மனைவியுடன் மிதிவண்டியில் உலாவச் சென்றிருந்தார். கீத் திரும்பி வந்தபோது மாணவர் பரபரப்போடு காத்திருந்தார். உடலின் மேற்பகுதிக் குருதியைக் கொண்டுவரும் பெருஞ்சிரை வலது மேலறையில் வந்து சேருமிடத்தில் தனித்தன்மை வாய்ந்த ஒரு திசு! தவாரா கண்ட முடிச்சைப் போலவே அதுவும் இருந்தது. 1907-இல் இருவரும் அதனை வெளியிட்டனர். அதுவே சைனோ ஏட்ரியல் கணு; சுருக்கமாக, சைனஸ் கணு. மனித இதயத்தில் அது ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. நீளமே உள்ளது. ஆசிரியர் ஊர் சுற்றப் போயிருந்தபோது மாணவர் கண்டது என்பதை நீங்கள் மறக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சரி, அந்தக் கணு எவ்வாறு தானே முழங்குகிறது? இங்கே சற்று நின்று நிதானமாகப் படியுங்கள்.

பழங்காலத்தில் பொழுதை அளக்க நாழிகை வட்டில் இருந்தது. அடியில் ஊசித்துளை உள்ள செப்புக் கிண்ணத்தை நீரில் மிதக்க விடுவர். நீர் சிறிது சிறிதாக உள்ளே கசியும். ஓர் அளவை எட்டியதும் கிண்ணம் சட்டென மூழ்கும். ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், கழிந்தது என்று மணியடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து நீரை நீக்கி மீண்டும் மிதக்க விடுவர். சைனஸ் கணுவின் ஒவ்வொரு செல்லும் இத்தகைய வட்டில்தான். செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 60 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் உள்ளது. வெளியிலிருந்து சோடியம் அயனிகள் நேர்மின்னைச் சுமந்துகொண்டு மெல்ல உள்ளே கசிகின்றன. எதிர்மின் நிலை குறைந்துகொண்டே வந்து 40 மில்லிவோல்ட் அளவை எட்டியதும் கால்சியத்திற்குரிய வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் பாய்கிறது, வட்டில் மூழ்கிவிட்டது, துடி முழங்கிவிட்டது. உடனே பொட்டாசியம் வெளியேறி, செல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அடுத்த கசிவு தொடங்குகிறது. நாழிகை வட்டிலைக் கவிழ்க்க ஓர் ஆள் வேண்டும். இந்த வட்டில் தன்னைத்தானே கவிழ்த்துக்கொள்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை.

மூளைக்கு இதில் வேலையே இல்லையா என்றால், உண்டு. அது துடியன் அன்று, துடியனுக்குக் கையசைப்பவன். தனியே விட்டால் சைனஸ் கணு நிமிடத்திற்கு 100 முறை அளவில் முழங்கும். வேகஸ் என்னும் நரம்பு கசிவைத் தாமதப்படுத்தி அதனை எழுபதுக்கும் எண்பதுக்கும் இறக்குகிறது. பரிவு நரம்புகள் கசிவை விரைவுபடுத்துகின்றன. மாடிப்படி ஏறினாலும், தேர்வுத்தாளை ஆசிரியர் கையில் எடுத்தாலும் நாடி உயர்வது இதனால்தான். மூச்சோடு ஏறி இறங்கியதாக அம்மாணவி கண்டதும் வேகஸ் நரம்பின் பிடி இறுகித் தளர்வதையே.

சைனஸ் கணுவில் பிறந்த மின்குறி இரு மேலறைகளிலும் அலைபோல் பரவ, அவை சுருங்கிக் குருதியைக் கீழறைகளுக்குத் தள்ளுகின்றன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே மின்குறியைக் கடத்தாத நார்த்திசுச் சுவர் உண்டு. அதைக் கடக்க ஒரே ஒரு வாயில்தான். தவாரா கண்ட முடிச்சு. மேலறை–கீழறைக் கணு என்பது அதன் பெயர். அங்கே மின்குறி ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் காத்திருக்கிறது.

இந்தக் காத்திருப்பு ஒரு குறைபாடு போலத் தோன்றும். உண்மையில் இதயத்தின் நுட்பமெல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. மேலறைகள் முழுமையாகக் குருதியை ஊற்றி முடிக்குமுன் கீழறைகள் சுருங்கினால், பாதி நிரம்பிய குடத்தை இறைத்த கதையாகும். காத்திருந்த மின்குறி பின்னர் ஹிஸ் கற்றையின் வழியே விரைந்து இறங்கி, புர்கின்ஜி நாரிழைகளின் வழியே இரு கீழறைகளிலும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பரவுகிறது. கணுவில் நொடிக்குச் சில சென்டிமீட்டர் ஊர்ந்த குறி, நாரிழைகளில் நொடிக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை ஓடுகிறது. குருதி வெளியேறும் பெருங்குழாய்கள் கீழறைகளின் மேற்புறம் இருப்பதால், பிழிதல் கீழ்நுனியிலிருந்து மேல்நோக்கி நிகழ வேண்டும், அப்படியே நிகழ்கிறது. தாளம் என்பது அடி மட்டுமன்று, அடிகளுக்கிடையே விடும் இடைவெளியும் சேர்ந்தது என்பதை மிருதங்கம் பயிலும் மாணவர்க்குச் சொல்லத் தேவையில்லை.

இம்மின்குறியை உடலின் மேற்பரப்பிலிருந்தே படிக்கலாம் என்று 1887-இல் இலண்டனில் அகஸ்டஸ் வாலர் காட்டினார். 'ஜிம்மி' என்னும் தம் வளர்ப்பு நாயின் பாதங்களை உப்புநீரில் நிற்கவைத்தும் அவர் செய்து காட்டியதுண்டு. அந்தப் பதிவு மங்கலானது. அதைத் தெளிவாக்கியவர் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் பணியாற்றிய வில்லெம் ஐந்தோவன். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைத் தொங்கவிட்டு, இதயத்தின் மின்னோட்டத்தில் அது நடுங்குவதை ஒளிப்படத் தகட்டில் பதிந்தார். அக்கருவியின் எடை ஏறத்தாழ 270 கிலோகிராம். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ச் சாடிகளில் வைத்துக்கொண்டு அமர வேண்டும். மருத்துவமனைக்கும் ஆய்வகத்திற்கும் இடையே ஒன்றரை கிலோமீட்டர். நோயாளியையும் தூக்கிவர இயலாது, கருவியையும் நகர்த்த இயலாது. எனவே 1905-இல் தொலைபேசிக் கம்பியின் வழியே மின்குறியையே ஆய்வகத்திற்கு வரவழைத்தார் ஐந்தோவன். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாம் இ.சி.ஜி. என்று கூறும் தாளில் உள்ள மேடுபள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டவரும் அவரே. முதலில் வரும் சிறு மேடு 'பி' மேலறைகளின் குறி. இடையில் சிறு சமதளம்; அதுதான் நாம் பார்த்த காத்திருப்பு. பின் கோபுரம்போல் எழும் 'கியூ ஆர் எஸ்' கீழறைகளின் குறி. கடைசியில் வரும் வட்டமான 'டி', கீழறைகள் அடுத்த அடிக்கு ஆயத்தமாவதைக் காட்டுகிறது.

இதையெல்லாம் நான் பாடநூலில் படித்து அறிந்தேன் என்று கூறினால் அது பொய். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனவரி மாதம், தில்லியில் பனிமூட்டம் கவிந்திருந்த ஒரு காலையில், தென்காசிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரிலிருந்து என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, அப்பா மூன்று நாளாகத் தலைசுற்றுகிறது என்கிறார். நேற்றுத் திண்ணையில் உட்கார்ந்தவாறே சாய்ந்துவிட்டார். உடனே எழுந்துவிட்டார்." அருகிலிருந்த ஒரு மருந்தகத்தில், வயதாகிவிட்டது, சத்துக் குறைவு என்று கூறி ஊசி போட்டு அனுப்பியிருந்தனர். நாடியை எண்ணச் சொன்னேன். 34 என்றான். தவறாக எண்ணுகிறாய், முழு நிமிடம் எண்ணு என்றேன். முழு நிமிடம் எண்ணித்தான் சொல்கிறேன் என்றான்.

அன்று மாலைக்குள் நகரத்திற்கு அழைத்துச் சென்று இ.சி.ஜி. எடுத்து, அத்தாளைப் படம்பிடித்து அனுப்பினான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி என் கைப்பேசிக்கு வந்த அதனை எங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியையிடம் காட்டினேன். அவர் ஒரு தாள்துண்டை எடுத்து, 'பி' மேடுகளின் இடைவெளியைப் பென்சிலால் குறித்தார். அவை ஒரே சீராக, நிமிடத்திற்கு 78 என்னும் கணக்கில் வந்துகொண்டிருந்தன. பிறகு கோபுரங்களைக் குறித்தார். அவையும் சீராகவே வந்தன, ஆனால் 34. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. மேலறைகள் ஒரு தாளத்திலும் கீழறைகள் வேறு தாளத்திலும் அடித்துக்கொண்டிருந்தன. நடுவாயில் அடைபட்டுவிட்டது. மருத்துவர்கள் இதனை முழுமையான இதய மின்தடை என்பர்.

துடியன் முழங்கிக்கொண்டே இருந்தான். அவன் ஒலி கீழே எட்டவில்லை. அப்படியும் என் தந்தையார் எப்படி உயிரோடிருந்தார்? இதயத்தில் துணைத்துடியர்களும் உண்டு. சைனஸ் கணு ஓய்ந்தால் மேலறை–கீழறைக் கணுவின் பகுதி நிமிடத்திற்கு 40 முதல் 60 வரை முழங்கும். அதுவும் இயலாவிடில் கீழறைகளின் நாரிழைகளே 20 முதல் 40 வரை அடிக்கும். தலைமைத் துடியனின் வேகம் மிகுதி என்பதால், தம் வட்டில் நிரம்புமுன்னரே குறி வந்து சேர, மற்றவர்கள் என்றும் அடங்கியே இருக்கின்றனர். தேவை வரும்போதுதான் அவர்கள் இருப்பதே தெரிகிறது. ஆனால் அவர்களை நம்பி நெடுநாள் வாழ இயலாது. சில நொடிகள் அவர்களும் தயங்கினால் மூளைக்குக் குருதி எட்டாமல் மயக்கம் வரும். திண்ணையில் நிகழ்ந்தது அதுவே.

1958-இல் சுவீடன் நாட்டு ஆர்னே லார்சன் என்பவருக்கு 43 வயது. இதே நோயால் அவர் ஒரே நாளில் பலமுறை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவருடைய மனைவி எல்ஸ்-மரி, அறுவை மருத்துவர் ஓக்கே செனிங்கையும் பொறியாளர் ரூன் எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்தார். மனிதருக்குப் பொருத்தும் அளவுக்குக் கருவி எதுவும் ஆயத்தமாக இல்லை என்றனர் அவர்கள். ஆயத்தம் செய்யுங்கள் என்றார் அவர். காலணி மெருகு டப்பாவை அச்சாகக் கொண்டு பிசினில் வார்த்த ஒரு கருவியை எல்ம்க்விஸ்ட் உருவாக்கினார். அக்டோபர் 8 அன்று அது லார்சனின் உடலுக்குள் வைக்கப்பட்டது. மனித உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் இதயமுடுக்கி அதுவே. சில மணி நேரத்தில் பழுதாயிற்று. மாற்றுக் கருவி வைத்தனர். பின்னாளில் இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் அவருக்கு மாற்றி மாற்றி வைக்கப்பட்டன. 2001-இல், தம் 86-ஆம் வயதில், இதயத்தோடு தொடர்பில்லாத வேறொரு நோயால் அவர் இறந்தார். அப்போது அந்த மருத்துவரும் பொறியாளரும் அவருக்கு முன்பே காலமாகியிருந்தனர்.

தாளம் மெதுவாவது ஒருவகை. கலைந்து போவது மற்றொரு வகை. மேலறைகளில் சைனஸ் கணுவை மீறி மின்குறிகள் நிமிடத்திற்கு 350-க்கும் மேலாகச் சுழன்று திரியும் நிலையை மேலறை நடுக்கம் எனலாம். அத்தனையும் கீழே இறங்கினால் உயிர் நிலைக்காது. காத்திருக்க வைக்கும் அந்த நடுவாயில் இங்கே காவலாகவும் நின்று, பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகிறது. நாடி சீரின்றி ஓடுமே தவிர ஓட்டம் நிற்காது. எனினும் சரியாகச் சுருங்காத மேலறையில் குருதி தேங்கி உறையக்கூடும். அந்த உறைகட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம்.

கீழறைகளே நடுங்கத் தொடங்குவதுதான் யாவற்றினும் கொடியது. ஒவ்வொரு தசையிழையும் தனித்தனியே துள்ள, இதயம் பை நிறையப் புழுக்கள் நெளிவதுபோல் நெளியுமே தவிரக் குருதியைத் தள்ளாது. சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் மூளை அழியத் தொடங்கும். இது ஏன் நேர்கிறது? பெரும்பாலும் இதயத்தமனி அடைபட்டுத் தசை குருதியின்றி வாடும்போது. குருதியில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் என்னும் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். மிகினும் குறையினும் செல்களின் வட்டில் தடுமாறும். சிலருக்கு அயனி வாயில்களிலேயே பிறவிக் கோளாறு இருக்கும். இளவயதில் ஓடும்போதோ திடுக்கிடும்போதோ ஒருவர் மயங்கி விழுந்தால் அதனைக் களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது என்பது இதனால்தான். ஈரக்கையோடு மின்பொத்தானைத் தொடாதே என்று வீட்டில் கூறுவதும் இதற்காகவே. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை திசைமாறி மார்பைக் கடக்கும்போது இதயத்தின் தாளம் அதனிடம் தோற்றுவிடும். மட்டைப்பந்து ஆடும் பிள்ளைகள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 'டி' மேட்டின் ஏறுமுகத்தில் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு அளவே உள்ள ஒரு கணம் உண்டு. மிக அரிதாக, விரைந்து வரும் பந்து அக்கணத்தில் மார்பின் நடுவே தாக்கினால், எந்த நோயுமற்ற இதயமும் நடுங்கிப்போகும்.

இங்கே தமிழாசிரியர் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை. செய்தித்தாள்களில் திடீரென இறந்தவர் எவராயினும் 'மாரடைப்பால் காலமானார்' என்றே எழுதுகின்றனர். மாரடைப்பு நல்ல சொல். அடைப்பு என்பது குழாயின் நோயை மிகச் சரியாகக் காட்டுகிறது: இதயத்தமனியில் குருதி அடைபடுகிறது, நெஞ்சு வலிக்கிறது, வியர்க்கிறது, அவர் பெரும்பாலும் நம்மோடு பேசிக்கொண்டிருப்பார். இதய நிறுத்தம் மின்குறியின் நோய்: அவர் பேசமாட்டார், மூச்சு இயல்பாக இராது, நாடி இராது. முன்னதிலிருந்து பின்னது வரலாம். ஆனால் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால், செய்ய வேண்டியதும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். முதலாமவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்ல வேண்டும். இரண்டாமவருக்கு, வண்டி வரும்வரை அங்கேயே, அந்தத் தரையிலேயே உதவி தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க்கும் பின்லாந்தும் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தன. முதற்பாதி முடியும் தறுவாயில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், எவரும் மோதாமலே, முகங்குப்புற விழுந்தார். மருத்துவக் குழுவினர் ஆடுகளத்திலேயே மார்பை அழுத்தத் தொடங்கினர். அதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தினர். சக வீரர்கள் அவரைச் சுற்றி அரணாக நின்றனர். அவருக்கு நினைவு திரும்பிற்று. பின்னர் உடலுக்குள் பொருத்திய கருவியோடு அடுத்த ஆண்டே களத்திற்குத் திரும்பினார்.

திரைப்படங்களில் இதயம் நின்று, திரையில் நேர்கோடு ஓடும்போது மின்னதிர்ச்சி கொடுத்து அதை 'ஓட வைப்பதாக'க் காட்டுகின்றனர். அது முற்றிலும் தவறு. நேர்கோட்டுக்கு அதிர்ச்சி பயன்படாது. அதிர்ச்சி நடுக்கத்திற்கே உரியது. அது இதயத்தை ஓட வைப்பதில்லை, நிறுத்துகிறது. தாறுமாறாகத் துள்ளும் எல்லா இழைகளையும் ஒரே கணத்தில் அமைதியாக்குகிறது. அந்த அமைதியில் சைனஸ் கணு தன் முறைக்கு முழங்கும் வாய்ப்பைப் பெறுகிறது. வகுப்பறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது ஆசிரியர் மேசையைத் தட்டுவது போன்றது அது.

அக்கருவி வரும்வரை குருதியை ஓடவைப்பது நம் கைகளே. 112-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே ஒரு கைமேல் மறுகையை வைத்து, முழங்கையை மடக்காமல், பெரியவராயின் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6 செ.மீ.க்கு மிகாமல், நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்குப் பின்னும் மார்பு முழுமையாக எழ விட வேண்டும். இங்கும் இடைவெளி முக்கியம். எம் பள்ளியில் சாரணர் பயிற்சியின்போது பொம்மையின்மேல் இதைச் செய்த பிள்ளைகள், தொடக்கத்தில் அச்சத்தால் 140-க்கு ஓடினர். 'தகதிமி' என்று ஒருத்தி வாய்விட்டுத் தாளம் சொல்லத் தொடங்கிய பிறகு 110-இல் நின்றது.

என் தந்தையாருக்குக் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவியை வைத்தனர். அதிலிருந்து மெல்லிய கம்பி சிரை வழியே இதயத்திற்குள் செல்கிறது. நிமிடத்திற்கு 60 என்று அமைத்திருக்கின்றனர். இதயம் தானே அதைவிட வேகமாக அடித்தால் கருவி பேசாமல் இருக்கும். தயங்கினால் மட்டும் தட்டும். கோடை விடுமுறையில் நான் ஊருக்குச் சென்றபோது, அதே திண்ணையில் அமர்ந்து, தம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார்: "ஏம்மா, இப்ப அடிக்கிறது நானா, அதுவா?"

சொல் அறிவோம்

கணு – முடிச்சு போன்ற திசுத்தொகுதி. கரும்பின் கணுவை நினைவிற்கொள்க. அயனி – மின்னேற்றம் பெற்ற அணு. சிரை – இதயத்தை நோக்கிக் குருதியைக் கொண்டுவரும் குழாய். தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் குழாய். இம்மி – மிகச் சிறிய அளவு. தறுவாய் – உரிய வேளை, நிகழவிருக்கும் நேரம். அரண் – காவல்.

பயிற்சி

1. பாடத்தின் தொடக்கத்தில் குறித்த உங்கள் நாடியை இப்போது மீண்டும் எண்ணுங்கள். எண் மாறியிருப்பின் காரணத்தை இரண்டு தொடர்களில் எழுதுக.

2. இதயத்தின் மின்வழி கண்டுபிடிக்கப்பட்ட வரிசையும் மின்குறி பாயும் வரிசையும் எவ்வாறு மாறுபடுகின்றன?

3. 'துடி' என்னும் சொல்லை வேராகக் கொண்டு உங்கள் வீட்டில் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் திரட்டுக. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுவது சிறப்பு.

4. 'மாரடைப்பு', 'இதய நிறுத்தம்' ஆகிய இரண்டையும் வேறுபடுத்தி, ஒரு செய்தித்தாள் ஆசிரியருக்குக் கடிதம் வரைக.

5. திண்ணையில் அமர்ந்திருந்தவர் கேட்ட வினாவிற்கு, அவர்தம் நாடி அப்போது 72 என்று கொண்டு, விடை கூறுக. 60 என்றால் உங்கள் விடை மாறுமா?